கிறிஸ்தவக் கல்லூரியில் சேர ஆசையா? விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது என்ன?

வெம்பாக்கம் பக்கம் ஒரு தறி வீடு என்று வைத்துக்கொள்வோம். அப்பா பட்டு நெய்கிறார். அம்மா நூல் இழைக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ எழுதி முடித்திருக்கிறாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகப் போகும் முதல் ஆள் அவள்தான். "வேலூர்ல, தாம்பரத்துல எல்லாம் நல்ல கிறிஸ்தவக் காலேஜ் இருக்குதாம்பா, டீச்சர் சொன்னாங்க" என்கிறாள்.

வீட்டில் உடனே மூன்று கேள்விகள் எழுகின்றன. பாட்டி கேட்பது: "நம்ம புள்ளைய அங்க சேப்பாங்களா? சேத்தா சர்ச்சுக்கு வரச் சொல்லுவாங்களா?" அம்மா கேட்பது: "ஹாஸ்டல் எப்படி இருக்கும்?" அப்பா வாய்விட்டுக் கேட்கவில்லை. அவர் மனதில் ஓடுவது கட்டணம். சேலையை அறுத்துக் கொடுத்த பிறகுதான் கூலி கைக்கு வரும். தறியை விட்டு ஒரு நாள் வெளியே போனால், அந்த நாள் வேலை அப்படியே நிற்கும்.

அதனால்தான் பல வீடுகளில் கல்லூரியை நேரில் பார்க்காமலே முடிவெடுத்துவிடுகிறார்கள். வெப்சைட்டில் நாலு போட்டோ, தெரிந்தவர் சொன்ன ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் மூன்று வருடப் படிப்புக்கான செலவைத் தீர்மானிக்கும் சில விவரங்கள் அந்தப் போட்டோவில் தெரியாது. ஒரு நாள் கூலியை விட்டுப் போய்ப் பார்ப்பதற்கு உண்மையிலேயே பலன் உண்டா? என்ன பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்து போனால், நிச்சயம் உண்டு.

இந்தப் பகுதிக்கும் கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கும் என்ன தொடர்பு?

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு மிஷன் கல்வி புதிதல்ல. அமெரிக்காவின் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த ஸ்கடர் குடும்பத்தினர் 1853-ல் 'ஆற்காடு மிஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆரணியும் அந்த மிஷன் இயங்கிய ஊர்களில் ஒன்று. அதே மிஷனின் கல்விப் பணியில் வளர்ந்ததுதான் வேலூர் ஊரிசுக் கல்லூரி. 1898-ல் கல்லூரியானது. அதே ஸ்கடர் குடும்பத்தில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் தொடங்கிய மருத்துவப் பணிதான் இன்றைய சிஎம்சி.

வெம்பாக்கம், செய்யாறு, ஆரணி பக்கத்து மாணவர்கள் போய்ப் பார்க்கக் கூடியவை இன்னும் சில உண்டு. காட்பாடியில் சலேசிய அருட்சகோதரிகள் 1954-ல் தொடங்கிய ஆக்சீலியம் மகளிர் கல்லூரி. திருப்பத்தூரில் 1951-ல் தொடங்கிய தூய நெஞ்சக் கல்லூரி. சென்னைப் பக்கம் என்றால் மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி (1915), லயோலா (1925), ஸ்டெல்லா மாரிஸ் (1947). எல்லாவற்றுக்கும் மூத்தது சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. 1837-ல் பள்ளியாகத் தொடங்கி, நூறு வருடம் கழித்து 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறியது. 365 ஏக்கர், மரங்கள் அடர்ந்த வளாகம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயரில் 'செயின்ட்' என்றோ 'கிறிஸ்து' என்றோ இருப்பதால் மட்டும் ஒரு கல்லூரி அரசு உதவி பெறும் கல்லூரி ஆகிவிடாது. திருச்சபை நடத்தும் பழைய கல்லூரியும், சமீபத்தில் தொடங்கிய தனியார் சுயநிதிக் கல்லூரியும் ஒரே மாதிரிப் பெயரோடு இருக்கலாம். இந்த வித்தியாசம்தான் கட்டணத்தை முடிவு செய்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

வேறு மதத்தவருக்கு இடம் கிடைக்குமா?

கிடைக்கும். இதற்குச் சட்டத்திலும் பதில் இருக்கிறது, வரலாற்றிலும் பதில் இருக்கிறது.

அரசியலமைப்பின் 30(1)-வது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களைத் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே நேரம், அரசு நிதி உதவி பெறும் கல்வி நிறுவனத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டுமே காரணம் காட்டி யாருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29(2)-வது பிரிவு. இரண்டையும் எப்படிச் சேர்த்து நடைமுறைப்படுத்துவது? டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி வழக்கில் 1992-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி சொன்னது. தங்கள் சமூக மாணவர்களுக்கு 50 சதவீதம் வரை ஒதுக்கலாம், மீதி இடங்கள் தகுதி அடிப்படையில் எல்லோருக்கும் போக வேண்டும் என்றது. பின்னர் 2002-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் கொண்ட அமர்வு, எல்லா இடத்துக்கும் ஒரே சதவீதம் என்று கட்டாயப்படுத்த முடியாது, அந்தந்தப் பகுதியின் தேவையைப் பார்த்து மாநில அரசு முடிவு செய்யலாம் என்று திருத்தியது.

மாணவருக்கு இதில் நேரடியாகப் பயன்படும் விஷயம் ஒன்று உண்டு. அரசுக் கல்லூரிகளில் இருக்கும் 69 சதவீத இடஒதுக்கீடு சிறுபான்மைக் கல்லூரியிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகக் கூடாது. 2005-ல் சேர்க்கப்பட்ட 15(5)-வது பிரிவு, சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு அளித்திருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியும் தன் இடங்களை எப்படிப் பிரிக்கிறது என்பதை அந்தந்த அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். "போன வருஷம் பொதுப் போட்டியில, இந்தப் பாடத்துக்குக் கடைசியா எத்தனை மார்க் வரைக்கும் கிடைச்சுது?" என்ற ஒரு கேள்வி, பத்துப் பேரிடம் விசாரிப்பதைவிடத் தெளிவான பதிலைத் தரும்.

சர்ச்சுக்குப் போகச் சொல்வார்களா?

பாட்டியின் கேள்விக்கு அரசியலமைப்பிலேயே பதில் எழுதியிருக்கிறது. 28(3)-வது பிரிவு இப்படிச் சொல்கிறது: அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும், அவர் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. படிப்பவர் மைனர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் வேண்டும். பிளஸ் டூ முடிக்கும் பலருக்கு அப்போது 17 வயதுதான். எனவே சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் இடங்களை வாசித்துவிட்டுப் போடுவது நல்லது.

நடைமுறையில், பல கிறிஸ்தவக் கல்லூரிகளில் கிறிஸ்தவ மாணவர்களுக்கு வேத பாட வகுப்பும், மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி வகுப்பும் நடக்கும். காலைக் கூட்டத்தில் ஜெபம் இருக்கலாம். கிறிஸ்துமஸ் விழா இருக்கும். இவற்றில் எது எல்லோருக்கும் பொது, எது விருப்பம் என்பதைத் தயங்காமல் கேட்கலாம். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். அவர்களுக்கு இது ஒவ்வொரு வருடமும் வரும் கேள்விதான்.

வரலாறு சொல்லும் பதில் இன்னும் சுவாரசியமானது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர், வேலூர் ஊரிசுக் கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். வசதி குறைந்த குடும்பம். உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால்தான் அந்தப் பாடத்தை எடுத்தார் என்று சொல்வதுண்டு. 1908-ல் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வு வேதாந்தத்தின் அறநெறி பற்றியது. இந்து மதத்தைப் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனமே தன்னை அதை ஆழமாகப் படிக்கத் தூண்டியது என்று பிறகு அவரே எழுதியிருக்கிறார். அந்த ஆய்வைப் பாராட்டியவர் அவருடைய கிறிஸ்தவப் பேராசிரியர் ஏ.ஜி. ஹாக்.

ஒரே கல்லூரி, இரண்டு கட்டணம்: எப்படி?

நேரில் போகும்போது கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். பழைய கிறிஸ்தவக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு பிரிவுகள் இயங்குகின்றன. ஒன்று, அரசு உதவி பெறும் பிரிவு. பேச்சு வழக்கில் 'எய்டட்'. இதில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர்களின் சம்பளத்தை அரசு தருகிறது. அதனால் கட்டணம் குறைவு. இன்னொன்று சுயநிதிப் பிரிவு, அதாவது 'செல்ஃப் ஃபைனான்ஸ்'. இதில் மாணவர் கட்டும் பணத்திலிருந்துதான் சம்பளம் உட்பட எல்லாச் செலவும். அதனால் கட்டணம் பல மடங்கு கூடலாம்.

ஒரே பெயர், ஒரே கேட், ஒரே பட்டம். சில இடங்களில் ஒரே பாடமே இரண்டு பிரிவிலும் இருக்கும். பி.காம். காலையில் எய்டட், மதியத்துக்கு மேல் செல்ஃப் ஃபைனான்ஸ் என்று ஷிப்டில் நடப்பதும் உண்டு. விண்ணப்பத்தில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் அவசரமாக ஒன்றை டிக் செய்துவிட்டு, செலக்‌ஷன் லிஸ்ட்டில் பெயர் வந்த பிறகு கட்டணத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும் நிலை இதனால்தான் வருகிறது. எய்டட் பிரிவுக்குத் தகுதியான மார்க் இருந்தும், அதற்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் யாரும் கூப்பிட்டுத் தர மாட்டார்கள்.

ஆகவே அலுவலகத்தில் கேட்க வேண்டியது: இந்தப் பாடம் எய்டட்டில் இருக்கிறதா? இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பமா? முதல் வருடம் மொத்தமாக எவ்வளவு, இரண்டாம் வருடம் எவ்வளவு? தேர்வுக் கட்டணம், லேப் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் அதில் அடங்குமா, தனியா? வாயால் சொல்வதைவிட, அச்சடித்த கட்டண விவரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

இன்னொரு விஷயம். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஒரே அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். செய்யாறு அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி அப்படித்தான். ஆனால் அரசு உதவி பெறும் கல்லூரிகள் பெரும்பாலும் தாங்களே தனித்தனியாக விண்ணப்பம் வாங்குகின்றன. கடைசித் தேதியும் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒன்றில் போட்டால் எல்லாவற்றுக்கும் போகும் என்று நினைத்திருந்தால் இடம் கைநழுவிவிடும். அரசுக் கல்லூரிக்கும் சேர்த்துப் போட்டு வைப்பது புத்திசாலித்தனம்.

உதவித்தொகை கிடைக்குமா?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை விரிவுபடுத்தப்பட்டன. இவை தவிர பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, பட்டியலின மாணவர்களுக்கான உதவித்தொகைகள் தனி. சில பழைய கல்லூரிகளில் முன்னாள் மாணவர்கள் ஏற்படுத்திய அறக்கட்டளை உதவிகளும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் நகரும். எனவே "ஸ்காலர்ஷிப் செக்‌ஷன் எங்க இருக்கு, யாரைப் பாக்கணும்?" என்று அன்றைக்கே விசாரித்து வைக்கலாம். அங்கே இருப்பவர் பதில் சொல்லும் விதத்திலேயே, முதல் தலைமுறை மாணவரை அந்தக் கல்லூரி எப்படி நடத்தும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

எப்போது போகலாம்?

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு போனால் கூட்டம் இருக்கும், கல்லூரி இருக்காது. அதாவது வகுப்புகள் விடுமுறையில் இருக்கும், விடுதி காலியாக இருக்கும், பேசிப் பார்க்க மாணவர்களே இருக்க மாட்டார்கள். பொதுத்தேர்வு மார்ச்சில் முடிந்ததும், கல்லூரிகளில் வகுப்பு நடக்கும் நாட்களிலேயே ஒரு வேலை நாளில் போவது நல்லது. ஞாயிறு வேண்டாம். புனித வெள்ளியும் ஈஸ்டரும் அந்த நாட்களில்தான் வரும், அதையும் காலண்டரில் பார்த்துக்கொள்ள வேண்டும். முந்தின நாள் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து கேட்டுவிட்டால் அலைச்சல் மிச்சம்.

வெம்பாக்கத்திலிருந்து தாம்பரம் என்றால் காஞ்சிபுரம் வரை பஸ். அங்கிருந்து செங்கல்பட்டு வழியாக வரும் புறநகர் ரயில். தாம்பரத்தில் கிழக்குப் பக்கம் இறங்கினால் கல்லூரி பக்கம்தான். வேலூர் என்றால் செய்யாறு, ஆற்காடு வழி. போகும்போது எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் போய்வர முடியுமா, விடுதிதான் வழியா என்பதை அந்தப் பயணமே சொல்லிவிடும்.

உள்ளே போய் எதைப் பார்ப்பது?

கேட்டில் செக்யூரிட்டி நிறுத்துவார். "அட்மிஷன் விசாரிக்க வந்திருக்கோம்" என்று சொல்லி நோட்டில் பெயர் எழுதினால் போதும். பழைய கட்டடங்களும் பெரிய மரங்களும் யாரையும் கொஞ்சம் மிரள வைக்கும். ஆனால் அந்த அழகைவிட முக்கியமானவை சில உண்டு.

நோட்டீஸ் போர்டு: தேர்வு அட்டவணை, வேலைவாய்ப்பு முகாம் அறிவிப்பு, பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர்கள், ராகிங் தடுப்புக் குழுவின் எண்கள். இவை புதிதாக, படிக்கும்படி ஒட்டப்பட்டிருக்கின்றனவா?

நூலகமும் லேபும்: மாணவர்கள் உட்கார்ந்து படிக்கிறார்களா, அல்லது பூட்டியிருக்கிறதா? பாடப் புத்தகம் வாங்க வசதி இல்லாதவருக்கு நூலகம்தான் பாதிக் கல்லூரி.

விடுதி: அம்மா கூட வந்தால், வார்டனிடம் கேட்டு உள்ளே பார்க்க முடியுமா என்று முயலலாம். கழிவறை, தண்ணீர், சைவச் சாப்பாடு தனியாக உண்டா, மாலை எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், வீட்டுக்கு எத்தனை வாரத்துக்கு ஒருமுறை அனுப்புவார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவர்கள்: கேன்டீன் பக்கம் நிற்பவர்களிடம் ஐந்து நிமிடம் பேசினாலே போதும். தமிழ் வழியில் படித்து வந்த ஒருவரைத் தேடிக் கேட்பது இன்னும் நல்லது. முதல் செமஸ்டரில் ஆங்கிலம் எப்படிச் சமாளித்தீர்கள், அதற்குத் தனி வகுப்பு இருக்கிறதா, ஆசிரியர்கள் தமிழில் விளக்குவார்களா, தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டா. பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவர்கள்கூட முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தால் அல்ல, மொழியால்.

'தன்னாட்சிக் கல்லூரி' என்ற பலகையும் கண்ணில் படும். சென்னை கிறிஸ்தவக் கல்லூரி 1978 முதல் தன்னாட்சி. பாடத்திட்டத்தையும் தேர்வையும் கல்லூரியே நடத்தும், பட்டம் பல்கலைக்கழகம் தரும் என்பதுதான் இதன் பொருள்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால்?

முதலில் கிடைத்த கல்லூரியில் பணம் கட்டிவிட்டு, பிறகு விருப்பமான இடம் வந்தால் என்ன செய்வது என்பது பலருக்கும் உள்ள பயம். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் தங்களிடமே வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி 2018-ல் அறிவித்தது. விலகும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் விதி உண்டு. எவ்வளவு சீக்கிரம் விலகுகிறார்களோ அவ்வளவு அதிகம் திரும்பக் கிடைக்கும், தாமதிக்கத் தாமதிக்கக் குறையும். எனவே சேர்க்கையின் கடைசித் தேதி எது, பணம் திரும்பப் பெறும் விதி என்ன என்பதையும் அதே நாளில் எழுதி வாங்கி வரலாம். எதைக் கட்டினாலும் ரசீது அவசியம்.

திரும்பும் வழியில்

காஞ்சிபுரம் வந்து வெம்பாக்கம் பஸ் ஏறும்போது அந்த மகளின் நோட்டில் இவ்வளவும் இருக்க வேண்டும்: எய்டட் கட்டணம், செல்ஃப் ஃபைனான்ஸ் கட்டணம், விடுதிச் செலவு, போன வருடக் கடைசி மார்க், விண்ணப்பத்தின் கடைசித் தேதி, ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் பார்க்க வேண்டியவர் யார் என்ற விவரம். ராத்திரி சாப்பிட்ட பிறகு அதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டலாம். பாட்டிக்கு 28(3)-ஐச் சொல்லலாம். அம்மாவுக்கு விடுதி.

அப்பா கேட்காமல் விட்ட கேள்விக்கு, நோட்டில் இரண்டு தொகைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். மூன்று வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தால் அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எத்தனை நாள் கூலி என்று அவருக்கே கணக்குத் தெரியும். ஒரு நாள் தறி நின்றதை யாரும் குறையாகச் சொல்ல மாட்டார்கள்.